பதினொரு பதவியும் ஒரு ரயில்வே கேட்டும்

ஒரு நாட்டுக்கு எத்தனை தேர்தல் பதவிகள் வேண்டும் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் பதினொன்று என்றுதான் சொல்வேன். அந்த நாடு இப்போது இல்லை. எப்போதுமே இருந்ததில்லை என்றும் சொல்லலாம். இணையத்தில் நாற்பது பேர் சேர்ந்து விளையாடிய அரசாங்க விளையாட்டு அது. ஆனாலும் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. மெட்ராஸின் வடக்கே, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடை மேடையில் வேலை பார்த்தேன். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டை அச்சடித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். நாள் முழுக்க இதே வேலை. சீட்டை வாங்குகிற டிரைவர்கள் என் கையைத்தான் பார்த்திருப்பார்கள், முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் கொருக்குப்பேட்டைக்குத் திரும்பியதும் நேரே வீட்டுக்குப் போகாமல், ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்துவிடுவேன். அதை நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முன்பு மளிகைக்கடை வைத்திருந்தவர். பருப்பு மூட்டை இருந்த இடத்தில் நான்கு கம்ப்யூட்டர்களை வைத்துவிட்டாரே தவிர, சுவரில் மஞ்சள்தூள் வாசனை அப்படியே இருந்தது. தெருவே அவரை அண்ணாச்சி என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அங்கேதான் அந்த நாட்டைக் கண்டுபிடித்தேன். விளையாட்டு எளிமையானது. கற்பனை நாடு ஒன்று, அதில் நான்கு மாவட்டங்கள். சேரும்போது ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் குடியேற வேண்டும். தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போடலாம், விவாதம் செய்யலாம். ஒவ்வொரு வாரமும் விளையாட்டே மாவட்டத்துக்கு ஒரு பிரச்சினையைக் கொடுக்கும். அந்த மாவட்டத்தின் உறுப்பினர் வெள்ளிக்கிழமைக்குள் அதற்குப் பதில் போட வேண்டும். போடாவிட்டால் மாவட்டத்தின் மதிப்பெண் இறங்கும். இதை உருவாக்கியவர் நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தார். நிறுவனர் என்று அவருக்குப் பெயர்.

அவர் வரைந்த வரைபடத்தில் வடக்கு மாவட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. துறைமுகம், தொழிற்சாலை, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம், குப்பைமேடு என்று எல்லாவற்றையும் வடக்கே தள்ளியிருந்தார். ஏரியும் பல்கலைக்கழகமும் தெற்கே. கற்பனை நாட்டில்கூட எங்கள் பக்கம் தப்பவில்லை. அதனாலேயே வடக்கில் சேர்ந்தேன். அங்கே ஒரு குடிமகன்கூட இல்லை. நான்தான் முதல் ஆள்.

பிறகு நான்கு பேரைச் சேர்த்துவிட்டேன். முதலில் என்னைவிட இளையவளான என் தோழி. எங்கள் அடுக்குமாடி பிளாக்கிலேயே இருந்தாள், ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள், வாய்த் துடுக்கு ஜாஸ்தி. பிறகு அதே பிளாக்கில் குடியிருந்த துறைமுகக் கிரேன் ஓட்டுநரும் அவர் மனைவியும். கடைசியாக, எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தே விளையாட்டைக் கற்றுக்கொண்ட அண்ணாச்சி. வடக்கு மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை ஐந்து. நான் அதன் உறுப்பினர். இரண்டு முறை போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தேன்.

பதவிகள் மொத்தம் பதினொன்று. ஜனாதிபதி, பிரதமர், சபாநாயகர், நிதி, பாதுகாப்பு, வெளியுறவு, தலைமை நீதிபதி என்று ஏழு. மாவட்டத்துக்கு ஒருவராக நான்கு உறுப்பினர்கள். அது போதாது என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் ஒருநாள் நிறுவனர் ஒரு தீர்மானத்தைப் போட்டார். பதினொன்று அதிகம், மூன்று போதும் என்றார். ஜனாதிபதி, நிதி, சபாநாயகர் மட்டும் தேர்தலில் வருவார்கள். மற்ற எல்லோரையும், மாவட்ட உறுப்பினர்கள் உட்பட, ஜனாதிபதியே நியமிப்பார். இதற்குப் பொதுவாக்கெடுப்பு, மூன்று நாள் அவகாசம், மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு முடியும்.

அவர் சொன்ன காரணங்கள் முட்டாள்தனமானவை அல்ல. நாற்பது பேர் இருக்கிற நாட்டில் பதினொரு பதவி என்றால் நான்கில் ஒருவர் பதவியில் இருக்கிறார். நிற்க ஆள் கிடைக்கவில்லை. பாதிப் பேர் எதிர்ப்பில்லாமல் ஜெயிக்கிறார்கள். கடைசியில், “போட்டியில்லாத தேர்தல் தேர்தலே இல்லை” என்று முடித்திருந்தார். அந்த வரி என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு முறை அப்படி ஜெயித்தவள் நான்தானே.

ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியமித்த ஆள் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக்கு வாய்த்தவர்கள் எல்லோருமே யாரோ எங்கேயோ உட்கார்ந்து அனுப்பிவைத்தவர்கள்தான். அவர்களுக்கு எங்கள் தெருப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. விளையாட்டிலுமா அதே கதை?

உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன். எங்கள் பிளாக்கைப் பற்றித்தான் எழுதினேன். தண்ணீர்ப் பஞ்ச வருடங்கள் அவை. லாரி வந்தால்தான் தண்ணீர். எங்கள் பிளாக்கில் இருபத்துநான்கு வீடு, மூன்று மாடிப்படி. ஒவ்வொரு படிக்கும் ஓஸ் குழாய் பிடிக்க ஒரு ஆளைக் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். லாரியின் ஓஸ் அவர் கையில் இருக்கும், யார் குடத்துக்கு எவ்வளவு என்பது அவர் பொறுப்பு. இதற்கு ஒரு சட்டம் உண்டு, எழுதி வைக்காத சட்டம். ஓஸ் பிடிக்கிறவர் வீட்டுக் குடம் கடைசியில்தான் நிரம்பும். இன்னொரு சட்டம், அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம், அவர் திருப்பித் திட்டக் கூடாது. ஏன் திட்டலாம் என்றால், நாம் கை தூக்கி வைத்த ஆள். லாரி டிரைவரைத் திட்டினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதிகாரியைத் திட்டினால் நாளைக்கு லாரியே வராது.

“பதவி என்றால் அதிகாரம் என்று நினைக்கிறீர்கள்” என்று எழுதினேன். “எங்கள் ஊரில் பதவி என்றால், உரிமையோடு திட்டுவதற்கு ஓர் ஆள். எத்தனை விதமான குறைகள் உண்டோ அத்தனை பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓஸுக்கு மூன்று பேர், சாக்கடை மூடிக்கு ஒருவர், படி விளக்குக்கு ஒருவர். இருபத்துநான்கு வீட்டுக்கு ஐந்து பேர். ஒரு நாட்டுக்கு மூன்று எப்படிப் போதும்?”

நிறைய பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். குடத்தையும் ஜனாதிபதியையும் ஒன்றாக்குகிறாள் என்றார்கள். ஆனால் சிலர் யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள் என்பது தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் எண்ணிக்கை, தீர்மானத்துக்கு ஆதரவாகப் பத்தொன்பது, எதிராகப் பதினாறு. பாக்கி இருந்தது எங்கள் ஐந்து ஓட்டு மட்டும். நாங்கள் போட்டால் தீர்மானம் விழும்.

அன்றைக்குத்தான் கேட் மூடியது.

கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யார்டுக்குப் போகிற சரக்கு வண்டி பாதையின் குறுக்கே வந்து நின்றுவிடும். எப்போது கிளம்பும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது மணி ஆறு. கேட்டுக்கு முன்னால் பெரிய கூட்டம். அதில் தோழி கையில் டிபன் பாக்ஸோடு நின்றாள். சற்றுத் தள்ளி கிரேன் ஓட்டுநர், கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மனைவியோடு. எல்லோருக்கும் முன்னால், மொபெட்டில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அண்ணாச்சி.

“அண்ணாச்சி, நீங்க இன்னா இங்க?” என்றேன்.

“பாரிமுனைக்குப் போயி ரெண்டு கீபோர்டு வாங்கிட்டு வாரேன். மத்தியானமே கடயச் சாத்திட்டேன்.” பாக்கெட்டைத் தட்டிக் காண்பித்தார். ஷட்டர் சாவி அதில்தான் இருந்தது.

தோழி துடித்தாள். “இன்னாடி, ஏழு மணிக்கு ஓட்டுப் பொட்டிய மூடிடுவான். வா, ரயிலு பொட்டிக்கு நடுவுல பூந்து போய்டலாம்.”

“போய் இன்னா பண்ணுவ? சாவி இவர்கிட்ட கீது. வண்டியத் தூக்கிகினு இவரும், கண்ணு தெரியாம அந்தம்மாவும் பூந்து வருவாங்களா?”

நின்றோம். முக்கால் மணி நேரம் நின்றோம். இரும்புப் பெட்டிகள் அசையவே இல்லை. ஆறே முக்காலுக்கு வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. கேட் பாதி ஏறும்போதே ஓடினோம். கண்ணில் மருந்து விட்டிருந்த அந்த அம்மாவும் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கினார், கம்ப்யூட்டர்கள் மெதுவாக விழித்தன, ஒவ்வொருவராக லாகின் செய்து ஓட்டுப் போட்டோம். கடைசி ஓட்டு அண்ணாச்சியுடையது. ஏழு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. பத்தொன்பதுக்கு இருபத்தொன்று. தீர்மானம் விழுந்தது. அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் அறிவிப்பு மாறியிருந்தது. ஒரே இணைய முகவரியிலிருந்து, பத்து நிமிடத்துக்குள், ஐந்து ஓட்டுகள் விழுந்திருக்கின்றன. ஐந்து பேரும் ஒரே கொச்சை மொழியில் எழுதுகிறார்கள். ஆகவே இது ஒரே ஆளின் வேலை. ஐந்து ஓட்டும் ஒரே ஓட்டாகக் கணக்கிடப்படும். எதிர்ப்பு பதினேழு. தீர்மானம் வென்றது.

அறிவிப்பை இன்னொரு முறை படித்தேன். நான்கு கம்ப்யூட்டருக்கும் ஒரே போன் லைன், வெளியே தெரிவது ஒரே முகவரிதான், அது உண்மை. அதற்காக நாங்கள் ஒரே ஆளா? ஒரே கொச்சையாமே! அண்ணாச்சிக்குத்தான் ரொம்ப ரோஷம். “நான் என்னைக்கும்மா மெட்ராஸ் பாஷ பேசுனேன்? பதினஞ்சு வருசமா இங்க இருந்தும் ஒரு வார்த்த ஒட்டலியே. அவனுக்குக் காது இல்லியா?”

கேட் கதையை அப்படியே எழுதிப் போட்டேன். “முக்கால் மணி நேரம் மூடியிருக்கும் ரயில்வே கேட்டா? கதை நன்றாக இருக்கிறது” என்று பதில் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தெற்கு மாவட்டத்தில் எட்டு மாணவர்கள், ஒரே பொறியியல் கல்லூரிக்காரர்கள். எல்லோரும் கல்லூரி லேபில் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டோம் என்று அவர்களே பெருமையாக எழுதியிருந்தார்கள். எட்டும் ஆதரவு ஓட்டு, எட்டும் எண்ணப்பட்டிருந்தது. லேபுக்கும் ஒரே முகவரிதானே என்று கேட்டேன்.

“அவர்களை எனக்குத் தெரியும்” என்றார் நிறுவனர். நாங்கள் வாக்காளர் அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பினால் பரிசீலிப்பாராம்.

அந்தப் பதிலை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தெரிந்தவர்கள் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர். தெரியாதவர்கள் ஐந்து பேர் என்றால் ஒரே ஆள். எங்கள் பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்போதும் இப்படித்தான். ஒரு கூட்டம், ஒரு குரல், ஒரு நாற்றம். அதில் ஒருத்தி தைப்பாள், ஒருவர் கிரேன் ஓட்டுவார், ஒருவர் மஞ்சள்தூள் விற்றார் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?

அண்ணாச்சி சமாதானப்படுத்தினார். “அட்டதானம்மா? அனுப்பிட்டுப் போவோம். ஸ்கேனர் சும்மாதான கெடக்கு.”

“அந்த காலேஜ் பசங்க இன்னா அட்டை அனுப்பிச்சாங்க அண்ணாச்சி? அவங்க அனுப்பட்டும், அப்பால நம்ப அனுப்பலாம்.”

அனுப்பவில்லை. வடக்கு மாவட்டத்துக்கு அந்த எட்டு மாணவர்களில் ஒருவரை ஜனாதிபதி நியமித்தார். அவருக்குப் பரீட்சை. முதல் வாரம் சாம்பல் குளம் உடைந்ததாக விளையாட்டு சொன்னது, பதில் இல்லை. அடுத்த வாரம் துறைமுக வேலைநிறுத்தம், பதில் இல்லை. மதிப்பெண் சரசரவென்று இறங்கியது. பதில் போடும் பெட்டியை எனக்கு எடுத்துவிட்டார்கள். பொது விவாதப் பலகையில் ஒரு தலைப்புத் திறந்து, “வடக்கு மாவட்டம், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரின் பதில்” என்று நானே ஒவ்வொரு வாரமும் எழுதினேன். மதிப்பெண் ஏறாது என்று தெரியும். அதனால் என்ன? என்னைக் கை தூக்கி வைத்தவர்கள் இறக்கவில்லையே.

மூன்றாவது வாரம் கேட்டில் நிற்கும்போது தோழி சொன்னாள். “போட்டி இல்லாத தேர்தல் தேர்தலே இல்லன்னான்ல? தேர்தல் வெய்யி. நான் நிக்கறேன்.”

“யாருக்கு எதிரா?”

“பின்ன, உன் கூட கூட்டணி வெச்சா நிப்பாங்க? உனக்கு எதிராத்தான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தேர்தலை அறிவித்தேன். என் தலைப்பின் கீழேயே, எல்லோரும் பார்க்கும்படி, வடக்கு மாவட்டத்து ஐந்து பேரும் ஓட்டையும் காரணத்தையும் எழுத வேண்டும். அவளுடைய முதல் பிரச்சாரமே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டது. “இந்த அம்மா பதில் எழுதுனா அத்த படிக்கவே ஒரு நாள் ஆவுது. சாம்பல் குளம் உடைஞ்சா கரைய கட்டுன்னு ரெண்டு வரி போடாம, நியாயம் பேசிகினு கீது. அதுக்குள்ள ஊரே சாம்பலாய்டும்.” படித்துவிட்டு எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பதிலுக்கு அவளுடைய அவசரக்குடுக்கைத்தனத்தைப் பற்றி எழுதினேன், அதுவும் நீளமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் நாங்கள் கேட்டில் தனித்தனியாக நின்றோம். தெற்கு மாவட்டக்காரர்கள்கூட உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஓட்டு நாளன்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான்குக்கு ஒன்று என்று நினைத்திருந்தேன். நானும் அவளும் அவரவருக்குப் போட்டுக்கொண்டோம். கிரேன் ஓட்டுநர், “பழைய ஆளு செஞ்சது எனக்கு போதும், அவங்களுக்கே போடறேன்” என்று எழுதினார். சரி, இரண்டு.

அவர் மனைவிக்குத் தட்டச்சு வராது. அவர் சொல்லச் சொல்லப் புருஷன்தான் அடிக்க வேண்டியிருந்தது. “எங்க வூட்டுக்காரர் ஒண்ணு சொன்னா நானும் அத்தயே சொல்லணுமா? என் ஓட்டு தையக்காரிக்கு. அது பேசுறது எனக்கு புரியுது.” அதை அடிக்கும்போது கிரேன் ஓட்டுநர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டுக்கு இரண்டு. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். என்னைத் தாண்டி அவர் யாருக்குப் போடப்போகிறார்? இந்தச் சண்டை முழுக்க நான் போட்டது. ஒற்றை விரலால் மெதுவாக அடித்தார். “ரெண்டும் நல்ல பிள்ளைகதான். ஆனா மூத்ததுக்குக் கோவம் வந்தா காரியம் மறந்து போயிருது. சின்னதுக்கு என் ஓட்டு.” அடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமல், கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தோற்றுவிட்டேன். மனசு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போய்விடலாம் என்று ஷட்டர் வரை போனேன். போன வேகத்தில் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்து, நிறுவனருக்கு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய குட்டியான பதில் அதுதான். தோழி சொன்ன மாதிரி, இரண்டு வரி.

“மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நான் தோற்றுவிட்டேன். ஐந்து பேரும் நானே என்றால், என்னைத் தோற்கடித்தது யார்?”

மூன்றாம் நாள், பரீட்சை முடிந்து வந்த அந்த நியமன உறுப்பினரே எழுதினார். “நாங்கள் எட்டு என்றால் அவர்கள் ஐந்து. நான் விலகிக்கொள்கிறேன்.” அன்று மாலையே அறிவிப்பு மாறியது. ஐந்து ஓட்டும் ஐந்தாகக் கணக்கிடப்படுகிறது, தீர்மானம் தோற்றது, பதினொரு பதவியும் தொடரும், வடக்கின் தேர்தல் செல்லும். மன்னிப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. அதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நிறுவனர் இதைப் படித்தால் இப்போதாவது கேட்கலாம், நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

பதினொன்றைக் காப்பாற்றிக் கொடுத்த எனக்கு அதில் ஒன்றுகூட இல்லை. எடை மேடையில் உட்கார்ந்து அதை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். சீட்டுக்குக் கை நீட்டிய டிரைவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. தோழி முன்னால் நின்றாள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். அந்த வாரம் வடக்கு மாவட்டத்துக்கு விளையாட்டு கொடுத்த பிரச்சினை, குடிநீர்ப் பஞ்சம்.

“உறுப்பினரம்மா, தண்ணி பிரச்சனைக்கு இன்னா பதில் போட்ட?”

“இன்னும் போடல. கேட்டு தொறக்கட்டும், போய் போடறேன்.”

“நாளிக்கு வெள்ளிக்கெயம. நாலு நாளா இன்னா பண்ணிகினு இருந்த? ரெண்டு வரி எயுத நாலு நாளா?”

அவள் வாயைத் திறந்தாள். பதிலுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அவள் வாய்க்கு ராயபுரமே பயப்படும். ஆனால் திறந்த வாயை மூடிக்கொண்டாள். டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“சரி, திட்டு” என்றாள்.

கடைசிப் பெட்டி போய் கேட் மேலே ஏறும்வரை திட்டினேன்.